ஓர் உடன்படிக்கை, இரண்டு பிரதிகள்



வைத்தியத்தைப் படிப்பிக்கலாம், சட்டத்தைப் படிப்பிக்கலாம். இராசதந்திரத்தைப் படிப்பிக்கலாமா? பகைத்து நிற்பவரோடு ஒரே பாயில் அமர்ந்து பேசி, இரு பகுதியாரும் ஏற்கக்கூடிய ஒரு முடிவோடு எழுந்து வரும் ஆற்றலை ஒரு வகுப்பறையில் வைத்து இளைஞருக்குக் கொடுக்க இயலுமா? அது பிறவிக் குணம் என்பாரும் உளர். பட்டுத்தான் தெரியவேண்டும் என்பாரும் உளர். படிப்பிக்கலாம் என்பதே என் எண்ணம். அதற்கு வேண்டிய பாடங்கள் சில நமது மட்டக்களப்பு வாவிக்கரையிலேயே வரலாறாகக் கிடக்கின்றன. அவற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நாவற்குடாவை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியில் தெற்கே சென்றால், ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியுமாக நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா என ஊர்கள் அடுத்தடுத்து வரும். அதற்கப்பால் மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வீதியைப் பகிர்ந்து, ஒரே வாவியில் வலை வீசி, ஒரே சந்தையில் விலை பேசி வாழும் இடம் இது. பேசிப் பழகத் தெரியாவிட்டால் இங்கே ஒரு நாளும் கழியாது.

அந்த நாவற்குடாவிலே, உயர்கல்வி பயிலும் பிள்ளைகள் சிலரோடு சில மாலைப் பொழுதுகளில் வரலாறு பற்றி உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பேச்சுவார்த்தைக் கலையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு மாணவன் எழுந்தான். "சேர், இராசதந்திரம் எண்டா நல்லாப் பொய் சொல்லத் தெரிஞ்சிருக்கிறதுதானே?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பதைத்தான் அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சொன்னான்.

அவனுக்கு விடை தேட முதலில் திருக்குறளுக்குப் போனோம். பொருட்பாலிலே அமைச்சைப் பற்றிப் பேசும் அதிகாரங்கள் பத்து. அவற்றைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினாலே ஒரு பாடத்திட்டம் கிடைத்துவிடும். சொல்வன்மை உண்டு, வினைத்தூய்மை உண்டு, தூது உண்டு, குறிப்பறிதல் உண்டு, அவையறிதல் உண்டு, அவையஞ்சாமை உண்டு. சொல்வன்மையை அடுத்து உடனே வினைத்தூய்மை வைக்கப்பட்டிருப்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டினேன். பேசத் தெரிந்தவனுக்குச் செயலிலே தூய்மை வேண்டும் என்பதை அதிகார வைப்பே சொல்லிவிடுகிறது.

தூது அதிகாரத்துக்கு உரை எழுத வந்த பரிமேலழகர் தூதரை இரு வகையாகப் பிரிக்கிறார். நிலைமையை அறிந்து தானே வகுத்துச் சொல்பவன் ஒருவன். சொல்லி அனுப்பியதைச் சொல்பவன் மற்றவன். முன்னவன் அமைச்சனுக்கு ஒப்பானவன் என்றும், பின்னவன் அவனிலும் காற்பங்கு குறைந்தவன் என்றும் அவர் கணக்கிடுகிறார். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் இத்தகைய பாகுபாட்டைச் செய்து, கடிதம் மட்டும் கொண்டு செல்பவனை மூன்றாவதாக வைக்கிறது. ஐரோப்பாவிலே பிரெஞ்சுத் தூதர் பிரான்சுவா டி கலியேர் அரசர்களோடு பேசும் முறை பற்றி நூல் எழுதியது 1716இல். இது படிப்பிக்கத்தக்க ஒரு துறை என்று நம்மவர் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கருதியிருந்தனர்.

அடுத்துப் புறநானூறு. தொண்டைமானிடம் அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாரை யாவரும் அறிவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் வேல்கள் நெய் பூசி அழகாக இருக்கின்றன, அவனுடைய வேல்களோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற கருத்திலே அவர் பேசுகிறார். அதில் ஒரு பொய்யும் இல்லை. மிரட்டலும் இல்லை. முடிவைக் கேட்பவனே எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார். கோவூர்கிழாரின் வழி வேறு. உறையூரிலே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது இரு பகுதியாரும் சூடியிருப்பது ஆத்தி மாலையே என்பதை அவர் நினைவூட்டுகிறார். யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடி. இரண்டு பேருக்கும் பொதுவான ஒன்றைக் கண்டுபிடித்து நடுவிலே வைப்பது அவர் கையாண்ட முறை.

"இது பாட்டு, சேர். உண்மையில இப்பிடி நடக்குமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "பிள்ளை, எழும்பி வெளியே வா" என்று அவர்களை வாவிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். வடக்கே, நீருக்கு அப்பால் இருக்கிறது புளியந்தீவு. அங்கேதான் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினார்கள். இனி நான் சொல்பவை அந்தக் கரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்தவை.

1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டான். தான் போர்த்துக்கேயன் அல்லன் என்று இங்கிருந்த சிற்றரசனை நம்பவைப்பதே அவனுக்குப் பெரும்பாடாயிற்று. பொறுமையோடு அதைச் சாதித்தபின் மலைநாடு ஏறிக் கண்டியரசன் விமலதர்மசூரியனைக் கண்டான். தன் நாட்டு இளவரசர் மொரிஸின் படத்தைப் பரிசாகக் கொடுத்தான். அரசன் கேட்டதற்கெல்லாம் ஆறுதலாக விடை சொன்னான். ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டுவதானால் தானும் தன் குடும்பத்தாரும் தோளிலே கல் சுமக்க ஆயத்தம் என்னும் அளவுக்கு அரசன் மகிழ்ந்தான் என்று ஸ்பில்பேர்கனின் பயணக் குறிப்பு கூறுகிறது.

அடுத்து வந்தவன் செபால்ட் டி வீர்ட். அவனும் முதலில் அரசனின் நட்பைப் பெற்றான். போர்த்துக்கேயருக்கு எதிராகச் சேர்ந்து போரிடுவதென இருவரும் இணங்கினர். 1603இல் அவன் கப்பல்களோடு மட்டக்களப்புக்கு மீண்டான். வழியிலே நான்கு போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்தவன் அவற்றில் இருந்தோரை விடுவித்துவிட்டான். அவனுக்கு அது கருணை. அரசனுக்கோ அது துரோகம். அந்த மனத்தாங்கல் ஆறுமுன்பே, கப்பலுக்கு வந்து பாருங்கள் என்று அரசனை வற்புறுத்தினான். சூழ்ச்சியோ என்று அரசன் ஐயுற்றான். மதுபோதையில் இருந்த டி வீர்ட் அரசியைப் பற்றி மரியாதையற்ற ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டான். அந்த இடத்திலேயே அவனும் அவனோடு கரைக்கு வந்திருந்த சுமார் 50 பேரும் வெட்டுண்டு மாண்டனர். பின்னர், சமாதானம் வேண்டுமா, போர் வேண்டுமா, இரண்டுக்கும் ஆயத்தம் என்ற கருத்தில் கப்பலில் எஞ்சியோருக்கு அரசன் ஒரு சிறு கடிதம் அனுப்பினான்.

ஓராண்டு இடைவெளியில் ஒரே கரையில் இரண்டு தூதர்கள். ஒருவன் பரிசோடு திரும்பினான், ஒருவன் பிணமானான். குறிப்பறிதல், அவையறிதல் என்ற இரு அதிகாரங்களுக்கும் இதைவிட வேறு உரை வேண்டுமா என்று மாணவர்களைக் கேட்டேன்.

ஆனால் என் பாடத்தின் மையம் இதுவன்று. அது 1638இல் இருக்கிறது.

அந்த ஆண்டு மார்ச் 28இல் கன்னொறுவையிலே போர்த்துக்கேயப் படையைக் கண்டியர் அழித்தனர். அடுத்த மாதங்களில் இரண்டாம் இராஜசிங்கன் மட்டக்களப்புக்கு இறங்கி வந்தான். ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட் கப்பற் படையோடு வந்து புளியந்தீவுக் கோட்டையை முற்றுகையிட்டான். மே 18இல் கோட்டை பணிந்தது. மே 23இல் இங்கேயே உடன்படிக்கை எழுதிக் கையொப்பமாயிற்று. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தர் உதவுவர். அதற்கான செலவை அரசன் கறுவா, மிளகு போன்ற பொருட்களாகக் கொடுப்பான். யானை வாணிபம் தவிர்ந்த வாணிபத்தின் தனியுரிமை ஒல்லாந்தருக்கு. இவற்றோடு, பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது பற்றியும் ஒரு பிரிவு இருந்தது.

அந்தப் பிரிவில்தான் வினை புகுந்தது. அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை கோட்டையில் நிற்கலாம் என்ற நிபந்தனை அரசனுடைய பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் கையில் இருந்த பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே உடன்படிக்கைக்கு இரண்டு பிரதிகள். இரண்டுக்கும் இரு வேறு பொருள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இராஜசிங்கன் போர்த்துக்கேய மொழியை நன்கு கற்றவன். ஒல்லாந்தரோடு கடிதம் எழுதியதும் அந்த மொழியிலேதான். இருவரும் தங்கள் பொது எதிரியின் மொழியிலே நட்புப் பேசினார்கள்.

விளைவு என்ன? 1640 மார்ச்சில் ஒல்லாந்தர் காலிக் கோட்டையைப் பிடித்தனர். பிடித்ததைக் கொடுக்கவில்லை. செலவுக் கடன் தீரவில்லை என்பது அவர்கள் வாதம். உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவனான வில்லெம் கொஸ்டர் அதே ஆண்டு கண்டிக்குச் சென்று அரசவையில் சினந்து பேசினான். கிழக்குக் கரை நோக்கித் திரும்பும் வழியிலே கொல்லப்பட்டான். 1658இல் போர்த்துக்கேயர் முற்றாக வெளியேறினர். அவர்கள் இடத்தில் ஒல்லாந்தர் அமர்ந்தனர். 1766இல் செய்யப்பட்ட இன்னோர் உடன்படிக்கையால் கண்டியரசனுக்குக் கடற்கரையே இல்லாமற் போயிற்று. ஒல்லாந்தர் போனது 1796இல். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இந்த இடத்தில் மாணவர்களை இரு பிரிவாகப் பிரித்தேன். ஒரு பகுதி இராஜசிங்கன் பக்கம், மறுபகுதி வெஸ்டர்வோல்ட் பக்கம். கோட்டை பற்றிய அந்தப் பிரிவை மீண்டும் பேசி எழுதுங்கள் என்றேன். முதல் அரைமணி நேரம் "கோட்டை எங்களுக்கு", "இல்லை, எங்களுக்கு" என்ற கூச்சலிலேயே கழிந்தது. பின்பு ஒரு கேள்வி கேட்டேன். கோட்டையை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? ஒல்லாந்தர் பக்கத்துப் பிள்ளைகள் யோசித்துவிட்டு, "எங்கட செலவுக் காசு திரும்பி வருமெண்டு உறுதி வேணும்" என்றார்கள். அரசன் பக்கத்தார், "ஒரு அந்நியன் போய் இன்னொரு அந்நியன் வரக்கூடாது" என்றார்கள். பார்த்தீர்களா நேயர்களே, இவை ஒன்றோடொன்று முட்டும் தேவைகள் அல்ல. கடனுக்கு ஒரு தொகை, அதற்கொரு தவணை, கணக்குப் பார்க்க இரு தரப்பிலும் ஆட்கள், தவணை முடிந்ததும் கோட்டைத் திறப்பு அரசன் கையில் என்று அந்தப் பிள்ளைகள் இரண்டு மணி நேரத்தில் ஒரு பிரிவை எழுதிக் கொடுத்தார்கள்.

கேட்பது வேறு, கேட்பதன் பின்னால் உள்ள தேவை வேறு என்ற இந்த வேறுபாட்டை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் ஒரு நூலாக எழுதிப் புகழ்பெற்றனர். அவர்கள் காட்டும் உதாரணம் சினாய்ப் பாலைவனம். 1967 முதல் இஸ்ரேல் அதைப் பிடித்து வைத்திருந்தது. முழு நிலமும் வேண்டும் என்றது எகிப்து. முழுவதையும் தரமுடியாது என்றது இஸ்ரேல். எகிப்துக்கு வேண்டியது தன் மண்ணின் உரிமை. இஸ்ரேலுக்கு வேண்டியது எல்லையில் எதிரிப் படை நில்லாத பாதுகாப்பு. 1978இல் கேம்ப் டேவிட்டில் நிலம் எகிப்துக்கென்றும், அதன் பெரும் பகுதியில் படைகளுக்குக் கட்டுப்பாடு என்றும் இணங்கினார்கள்.

அதன் பிறகு கட்சியை மாற்றினேன். அரசன் பக்கம் நின்றவர் ஒல்லாந்தராயினர். ஒல்லாந்தர் அரசன் பக்கம் வந்தனர். இந்த முறையை நான் எந்த மேனாட்டு நூலிலும் இருந்து எடுக்கவில்லை. நமது கூத்துக் களரியிலிருந்து எடுத்தேன். மட்டக்களப்பிலே வடமோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டங்கொடுத்த நாள் தொடக்கம் அரங்கேற்றம் வரை எல்லாரையும் ஒரே களரியில் வைத்தே பழக்குவார். துரியோதனனுக்கு ஆடும் பையன் கண்ணனுடைய தூதுப் பாட்டையும் நாள்தோறும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுகிறான். எதிராளியின் நியாயம் அவன் காதிலே ஏறிவிடுகிறது. சுவாமி விபுலானந்தரின் பெயரால் கல்லடியில் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. அரங்கு கற்கும் பிள்ளை ஏற்கெனவே பாதி இராசதந்திரி என்பது என் கருத்து.

எதிராளியோடு இணங்கினால் மட்டும் போதாது. தூதனுக்கு முன்னால் ஒரு சபை, முதுகுக்குப் பின்னால் ஒரு சபை. 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பிரதேச சபைகள், தமிழ் மொழியின் நிர்வாக உபயோகம், குடியேற்றம் என்பவை பற்றி இருவரும் பேசி இணங்கியிருந்தனர். எழுதியதன் பொருளிலே தகராறு இல்லை. ஆயினும் 1958 ஏப்ரலிலே, பிக்குகள் பண்டாரநாயக்காவின் வீட்டு வாசலில் வந்து அமர்ந்தபோது அது கைவிடப்பட்டது. பின்னால் இருக்கும் சபையை அழைத்துச் செல்லாத ஒப்பந்தம் முன்னால் இருக்கும் சபையில் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் நிலைப்பதில்லை. நாவற்குடா மாணவர்களுக்கு நான் கொடுத்த கடைசிப் பயிற்சி இதுவே. நீ இணங்கி வந்ததை உன் ஊர் மக்களுக்கு, உன் தாயாருக்கு, சந்தையில் மீன் விற்கும் மனிதருக்கு விளக்கிச் சொல்!

இனிச் சொல்லப்போவது வருத்தமானது. ஆனால் இதைச் சொல்லாமல் இந்த மண்ணிலே இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. 1990ஆம் ஆண்டை மட்டக்களப்பு மறக்காது. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் ஏறாவூரிலே முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து இராணுவம் அழைத்துச் சென்ற 158 தமிழர் திரும்பவேயில்லை. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டான். வேலிக்கு வேலி தொட்டு நின்ற ஊர்களிடையே பேச்சு நின்றுபோன காலம் அது.

அந்தக் காலத்திலும் பேசப் போனவர்கள் இருந்தார்கள். மட்டக்களப்புச் சமாதானக் குழுவினர் முகாம் வாசலுக்குச் சென்று, பிடிபட்டோரின் பெயர்களைச் சொல்லி விசாரித்தார்கள். அவர்களுள் இருவர் அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழித்த யேசு சபைத் துறவிகள். கூடைப்பந்துப் பயிற்றுநராக இங்கே எல்லாரும் அறிந்த யூஜின் ஹேபர் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும் உடன் வந்த இளைஞனும் வந்து சேரவில்லை. ஹரி மில்லர் அடிகளார் 1948இல் இலங்கைக்கு வந்தவர். காணாமற்போனோரின் விபரங்களைப் பொறுமையோடு பதிந்து, கேட்டுக்கொண்டே இருந்தார். 2019இல் மட்டக்களப்பிலேயே மறைந்தார்.

தன் உயிருக்கே முடிவு வருவதாயினும் தன்னை அனுப்பியவருக்கு நன்மை தேடுபவனே தூதன் என்ற கருத்தோடு வள்ளுவர் அந்த அதிகாரத்தை முடிக்கிறார். அதைச் சொல்லிவிட்டு ஹேபர் அடிகளாரின் பெயரைச் சொன்னபோது வகுப்பிலே யாரும் பேசவில்லை. பொய் சொல்வதுதானே இராசதந்திரம் என்று முதல் நாள் கேட்ட மாணவனைப் பார்த்தேன். "சேர், முகாம் வாசல்ல பொய் சொல்லி ஒருத்தரையும் மீட்டிருக்க ஏலாது. அடுத்த நாளும் அதே வாசலுக்குத்தானே போகவேணும்" என்றான். அவன் கேள்விக்கு அவனே விடை கண்டுவிட்டான்.

ஆகவே நேயர்களே, கல்லூரிகளிலே இந்தப் பாடத்தை வைக்க விரும்புவோருக்கு என் பணிவான ஆலோசனை இதுதான். பேச்சுப் போட்டிகளை நிறுத்தவேண்டாம். ஆனால் அவற்றோடு கேட்கும் பயிற்சியையும் சேருங்கள். எதிர்த்தரப்பார் சொன்னதை, அவர்கள் "ஆம், நாங்கள் சொன்னது அதுவே" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லத் தெரியாத எவருக்கும் தன் பக்கத்து வாதத்தைத் தொடங்க இடம் கொடுக்காதீர்கள். பேசி முடித்தபின், எழுதியதை இரு பகுதியாரும் எழுந்து நின்று, அவரவர் மொழியில் உரத்து வாசிக்கட்டும். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் மீண்டும் உட்காரட்டும். 1638 மே 23இல் இந்த வாவிக்கரையிலே அப்படி ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தால், அரசன் விரும்பினால் என்ற அந்தச் சொற்கள் ஒரு பிரதியில் இருந்து மறு பிரதியில் இல்லாமற் போனது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வாவி வற்றவில்லை. அதன் இரு கரையிலும் இன்றைக்கும் நாம்தான் வாழ்கிறோம். காணி எல்லை, மீன்பிடித் துறை, வயலுக்கு நீர், மேய்ச்சல் தரை என்று பேசித் தீர்க்கவேண்டியவை நாள்தோறும் முளைக்கின்றன. அவற்றைப் பேசப் போகிறவர்கள் இன்று நாவற்குடாவிலும் காத்தான்குடியிலும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே. இரு ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து இந்தப் பாடத்தைத் தொடங்கினால், முதற் பாடம் அப்போதே முடிந்துவிடும்.